தெருச் சேறும் தீனும்: ஊர்ப் பொறுப்பு குறித்து வரலாறு சொல்வது

அளவிலா அருளும் நிகரிலா அன்பும் உடைய அல்லாஹ்வின் திருப்பெயர் போற்றித் தொடங்குகிறோம்.

 

சென்ற ஐப்பசியில் இரண்டு நாள் விடாது பெய்த மழைக்குப் பின், சுப்ஹுத் தொழுகை முடித்து மக்தப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தோம். வழக்கமாக ஆறரை மணிக்குள் வந்து நிறையும் கூடத்தில் அன்று பாதிப் பிள்ளைகளே இருந்தனர். வந்தவர்களும் கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்தபடி, சுவரோரமாகக் கல்லுக்குக் கல் தாவி வந்து சேர்ந்திருந்தனர். அவர்களில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். "உஸ்தாத், வாறுகால் தண்ணியில காலு பட்டுருச்சு. நஜீஸ் ஆயிருச்சா? குர்ஆனைத் தொடலாமா?" என்று கேட்டான்.

தெருச் சேற்றுக்கென்றே ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் தனியாக ஒரு சட்டம் உண்டு. அசுத்தம் கலந்திருப்பது உறுதியாகத் தெரிந்தாலும், தெருவில் நடப்போர் பொதுவாகத் தவிர்த்துக்கொள்ள இயலாத அளவு மன்னிக்கப்படுகிறது. மழைக்காலத்தில் மன்னிக்கப்படும் அளவு கோடைக்காலத்தில் மன்னிக்கப்படுவதில்லை. காலில் பட்டதற்குள்ள சலுகை சட்டைக் கையில் பட்டதற்கு இல்லை. அசுத்தமே தனியாகக் கண்ணுக்குத் தெரியுமாயின் கழுவியே ஆக வேண்டும். இவற்றையெல்லாம் அச்சிறுவனுக்குப் புரியும் சொற்களில் சொல்லி, குழாயடியில் காலைக் கழுவச் செய்து உள்ளே அழைத்துக்கொண்டோம். அவன் முகம் தெளிந்தது.

நமது உள்ளம் தெளியவில்லை. தவிர்க்க இயலாததை மார்க்கம் அந்தப் பிள்ளைக்கு மன்னித்தது. தவிர்த்திருக்கக் கூடியதைத் தவிர்க்காத பெரியவர்களாகிய நமக்கும் அந்த மன்னிப்பு உண்டா?

அன்றிரவு இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் இதே பேச்சு எழுந்தது. சிலர், "பேரூராட்சிக்கு வரி கட்டுகிறோம், அவர்கள்தாம் செய்ய வேண்டும்" என்றனர். வேறு சிலர், "அவர்கள் செய்யப்போவதில்லை, ஜமாஅத்தே செய்துவிடலாம்" என்றனர். ஒருவர், ஜகாத் நிதியில் மீதம் இருக்கும் தொகையைக் கொண்டு வாறுகாலைக் கட்டிவிடலாமே என்று யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். எனினும் ஜகாத்துக்கு உரியோர் இன்னின்னார் என்று எட்டு வகையினரை இறைமறை வரையறுத்துவிட்டது. தெருவும் வாறுகாலும் அந்த எட்டில் அடங்கா என்பதே பெரும்பாலான இமாம்களின் முடிவு. ஏழையின் உரிமையை எடுத்து நம் வீட்டு வாசலைச் சீர்செய்வது எப்படி நியாயமாகும்?

அப்படியானால் பொறுப்பு யாருடையது? ஆட்சியுடையதா, சமூகத்துடையதா, வீட்டுக்காரருடையதா? இது இன்று புதிதாக எழுந்த கேள்வியன்று. நம் முன்னோர் இதற்கு எவ்வாறு விடை கண்டனர் என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

மதீனாவின் கிணறு

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த முஹாஜிர்களுக்கு முதலில் நேர்ந்த இடர்களுள் ஒன்று குடிநீர். நல்ல நீர் தந்த ரூமா என்னும் கிணறு தனியார் ஒருவரின் உடைமையாக இருந்தது. நீர் விலைக்கு விற்கப்பட்டது. கையில் காசில்லாத ஏழைகள் என்ன செய்வர்? அந்தக் கிணற்றை வாங்கி, தம் வாளியும் மற்றவர் வாளியும் அதில் சமம் என்று ஆக்குபவருக்குச் சுவனத்தில் அதைவிடச் சிறந்தது உண்டு என நபி (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பொருளால் அதை வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள்.

'வாளி சமம்' என்னும் கருத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கொடுத்தவருக்கு அங்கே முன்னுரிமை இல்லை. வரிசையில் அவரும் ஒருவரே. பின்னாளில் இஸ்லாமிய உலகெங்கும் கிணறுகளாகவும் சத்திரங்களாகவும் மருத்துவமனைகளாகவும் தழைத்த வக்ஃபு மரபு முழுவதற்கும் இதுவே அடிப்படை. கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் மக்காவுக்குக் கொண்டுவந்த நீர்க்கால்வாய் அவர் பெயராலேயே ஐன் ஸுபைதா என வழங்குகிறது. கி.பி. 1154இல் சுல்தான் நூருத்தீன் டமாஸ்கஸில் நிறுவிய மருத்துவமனையும், 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மருத்துவமனையும் வக்ஃபு வருவாயிலேயே நடந்தன.

எனினும் மதீனாவில் எல்லாமே தர்மத்தை நம்பி விடப்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் முஸ்லிம்களுக்கென ஒரு சந்தையை அமைத்தார்கள். அச்சந்தைக்குத் தாமே நடந்து சென்று பார்வையிட்டார்கள். தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டு, அடியில் ஈரமாக இருந்ததை வெளியே எடுத்து, விற்பவரைக் கண்டித்த நிகழ்ச்சி நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நபிமொழிகளுள் ஒன்று. தெருவின் அகலத்தில் பிணக்கு நேர்ந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்ற தீர்ப்பும் ஸஹீஹான அறிவிப்புகளில் பதிவாகியுள்ளது. ஒரு முழம் ஒன்றரை அடி என்று கொண்டால் அது பத்தரை அடி. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதை நாம் அனைவரும் அறிவோம். அந்த இடையூறு நாமே கட்டியதாகவும் இருக்கலாம் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

கூஃபாவின் தெருக்களும் ஒரு கதவும்

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17ஆம் ஆண்டளவில் (கி.பி. 638), இராக்கில் கூஃபா நகரம் உருவானது. முதலில் பள்ளிவாசலுக்கான இடம் குறிக்கப்பட்டது. அதனைச் சுற்றித் தெருக்கள் அளக்கப்பட்டன. பெருந்தெருக்களுக்கு 40 முழம், அடுத்தவற்றுக்கு 30, இடைப்பட்டவற்றுக்கு 20, சந்துகளுக்கு 7 என அளவு விதிக்கப்பட்டதாகவும், ஏழுக்குக் கீழே எதுவும் இருக்கலாகாது எனக் கூறப்பட்டதாகவும் வரலாற்றாசிரியர் தபரீ (ரஹ்) பதிவு செய்கிறார். ஒட்டகமும் கழுதையும் மட்டுமே சென்ற காலத்தில் 40 முழம், அதாவது 60 அடி! ஆம்புலன்ஸ் நுழைய முடியாத நம் முடுக்குகளை நினைத்துப் பாருங்கள்.

கூஃபாவின் ஆளுநராக இருந்தவர் சுவனத்திற்கு நன்மாராயம் பெற்ற பத்துப்பேரில் ஒருவரான ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி). சந்தையின் இரைச்சல் இடையூறாக இருந்தமையால் அவர் தம் மாளிகைக்குக் கதவொன்று அமைத்தார். மக்கள் தம்மிடம் வந்து குறை சொல்வதற்கு அக்கதவு தடையாகும் என்று உமர் (ரலி) கருதினார்கள். முஹம்மத் பின் மஸ்லமா (ரலி) அவர்களை மதீனாவிலிருந்து அனுப்பி, அக்கதவை எரித்துவிடச் செய்தார்கள்.

பின்னர் அதே ஸஅத் (ரலி) மீது கூஃபாவாசிகள் சிலர் மதீனாவுக்குப் புகார் அனுப்பினர். உமர் (ரலி) அவரைப் பதவியிலிருந்து விலக்கியதோடு, உண்மை அறிய ஆட்களையும் அனுப்பினார்கள். அவ்வாட்கள் கூஃபாவின் பள்ளிவாசல் ஒன்று விடாமல் சென்று, அங்கிருந்த மக்களிடம் ஆளுநரைப் பற்றி வெளிப்படையாக விசாரித்தனர். எல்லாப் பள்ளிகளிலும் நற்சான்றே கிடைத்தது. ஒரே ஒரு பள்ளியில் ஒருவர் எழுந்து, அவர் படையுடன் செல்வதில்லை, சமமாகப் பங்கிடுவதில்லை, தீர்ப்பில் நீதி செய்வதில்லை என்று மூன்று குற்றச்சாட்டுகளைச் சுமத்தினார். அவர் பொய்யராக இருந்தால் அல்லாஹ் அவரை மூன்று வகையில் சோதிக்கட்டும் என்று ஸஅத் (ரலி) இறைஞ்சினார்கள். அந்த மனிதர் முதுமையில் தள்ளாடி, இழிநிலை எய்தியதாக புகாரீ நூலில் உள்ள அறிவிப்பு கூறுகிறது.

இந்த ஒரே நிகழ்ச்சியில் இரண்டு படிப்பினைகள் உள்ளன. அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றி ஊராரிடம் கேட்பது உரிமை. ஆளுநர் எத்தனை பெரியவராயினும் விசாரணைக்கு மேலானவர் அல்லர். ஆனால் ஆதாரமின்றிப் பழி சுமத்துவது பெரும்பாவம். வாட்ஸ்அப் குழுமங்களில் பேரூராட்சி உறுப்பினரையும் பணியாளரையும் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, ஒரு மனுவேனும் எழுதிக் கொடுக்காதிருக்கும் நாம், முதல் படிப்பினையை விட்டுவிட்டு இரண்டாவதில் வீழ்ந்துகிடக்கிறோம்.

முஹ்தஸிப் என்னும் ஊர் அதிகாரி

நகரங்கள் பெருகியபோது சந்தை, தெரு, நீர், அளவைகள் ஆகியவற்றைக் கவனிக்க 'முஹ்தஸிப்' என்னும் அதிகாரி நியமிக்கப்பட்டார். காளியிடம் வழக்கைக் கொண்டு வந்தால்தான் அவர் விசாரிப்பார். முஹ்தஸிப் அப்படியல்லர், யாரும் முறையிடாவிடினும் தாமே தெருவில் இறங்கிப் பார்க்க வேண்டியவர். அதே வேளையில், மூடிய வீட்டினுள் துருவி ஆராய அவருக்கு அனுமதியில்லை. அவர் அதிகாரம் கண்ணெதிரே வெளிப்படும் தீமையோடு நின்றது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ, முஹ்தஸிபுக்கென ஒரு கையேடு எழுதினார். அதில் அவர் கூறுபவற்றைப் படித்தால் நம் கடைத்தெருவைப் பார்த்து எழுதியது போல் இருக்கும். சந்தை அகலமாக இருக்க வேண்டும். இருபுறமும் மக்கள் நடக்க நடைமேடை வேண்டும். கூரையைத் தாங்கும் தூண்களைத் தாண்டிக் கடைப்பலகையை எவரும் வழியில் நீட்டக்கூடாது. ஆடையைக் கிழிக்கும் விறகுச் சுமைகளும் அசுத்தம் ஒழுகும் சுமைகளும் நெரிசலில் நுழையலாகாது. கடைக்காரர்கள் தத்தம் கடைமுன் உள்ள சேற்றைப் பெருக்கித் துப்புரவாக வைக்க வேண்டும். வழியை அடைப்பது, நடப்போருக்கு இழைக்கும் அநீதி.

இவருக்கு முன்பே, பாக்தாதின் பெரும் சட்டமேதை இமாம் மாவர்தீ (இறப்பு கி.பி. 1058) ஆட்சிமுறை பற்றி எழுதிய அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா என்னும் நூலில் நம் கேள்விக்கு நேரடியான விடை இருக்கிறது. ஓர் ஊரின் நீர்வழி பழுதுபட்டாலோ, மதில் இடிந்தாலோ என்ன செய்வது? முதலில், பைத்துல்மாலில் நிதி இருக்குமாயின் அதிலிருந்து பழுதுபார்க்குமாறு முஹ்தஸிப் ஆணையிட வேண்டும். அது பொதுநிதியின் கடமை. குடிமக்கள் மீது சுமத்தக்கூடாது. பைத்துல்மாலில் நிதி இல்லையெனில், அப்பொறுப்பு அவ்வூரில் வசதியுள்ள அனைவர் மீதும் கூட்டாக வந்து சேர்கிறது. அவர்கள் கைகட்டி நிற்கலாகாது.

திண்ணையில் பேசிய இரு சாராரும் பாதி உண்மையைச் சொன்னார்கள் என்பது இதிலிருந்து விளங்குகிறது. பொதுநிதி இருக்கும்போது அதைக் கேட்டுப் பெறாமல் தர்மப் பணத்தைச் செலவிடுவது வரிசை தப்பிய செயல். பொதுநிதி இல்லாதபோது "அவர்கள் செய்யட்டும்" என்றிருப்பதும் கடமை தவறிய செயல்.

நம் மண்ணின் வரலாறு

நாம் வாழும் தமிழ் மண்ணுக்கும் இதில் நெடிய மரபு உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. விவரமறியாச் சிறுவன் ஒருவன் எடுக்கும் ஓலைக்குரியவர் உறுப்பினரானார். ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம், பொன்னின் தரம் பார்க்கப் பொன் வாரியம் எனப் பணிகள் பகுக்கப்பட்டிருந்தன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் போட்டியிடத் தகுதியிழந்தனர். நிலமும் சாத்திரக் கல்வியும் உடையோர்க்கு மட்டுமே அச்சபையில் இடமிருந்தது. பெண்களுக்கும் உழைப்பாளருக்கும் இல்லை. குறை அது. ஆயினும் கணக்குக் காட்டாதவர் தலைமைக்குத் தகார் என்னும் விதியை நம் சங்கங்களும் ஜமாஅத்துகளும் இன்றும் தம் சுவரில் பொறித்து வைக்கலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பர் 30 அன்று அளித்த சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி இதுவே. வரி விதிக்கக் கம்பெனி முயன்றபோது நகரவாசிகள் எதிர்த்தனர். தம்மவர் அமர்ந்திருக்கும் சபை விதித்தால் மக்கள் மனமுவந்து கொடுப்பர் என்னும் கணக்கும் அந்தச் சாசனத்தின் பின்னே இருந்தது. நோக்கம் வணிகருடையதாயினும், வரி கொடுப்பவனுக்குச் சபையில் குரல் வேண்டும் என்ற கருத்து அன்றே ஏற்கப்பட்டுவிட்டது.

1882 மே 18 அன்று ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் உள்ளாட்சிக்கு மக்கள் பிரதிநிதிகள் வர வழிவகுத்தது. அதையொட்டி 1884இல் சென்னை மாகாணத்தில் மாவட்ட நகராட்சிச் சட்டமும் உள்ளாட்சிக் கழகங்களுக்கான சட்டமும் இயற்றப்பட்டன. நாட்டின் பெரிய தலைவர்கள் பலர் தெருவிளக்கையும் குடிநீர்க் குழாயையும் கவனித்தே பொதுவாழ்வைக் கற்றனர். ராஜாஜி சேலம் நகராட்சிக்கும், பெரியார் ஈரோடு நகராட்சிக்கும் தலைவர்களாக இருந்தவர்கள். பின்னாளில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவிலும் திருவிதாங்கூர் திவான் பதவியிலும் அமர்ந்த சர் முஹம்மத் ஹபீபுல்லா சாஹிப், வேலூர் நகராட்சியில் பணியாற்றி உயர்ந்தவர். உள்ளாட்சியைச் சிறிய பதவி என்று நம் படித்த இளைஞர்கள் ஒதுங்கிச் செல்வது பிற்காலத்து வழக்கமே.

சுதந்திரத்திற்குப் பின், அரசமைப்பின் 73ஆம், 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயமாயிற்று. ஊராட்சிகளுக்கு 29 துறைகளும் நகர அமைப்புகளுக்கு 18 துறைகளும் அட்டவணைப்படுத்தப்பட்டன. சாலை, குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு மட்டுமல்ல. அடக்கத்தலமும் அறுவைக்கூடமும்கூட அந்த நகர அட்டவணையில் உள்ளன. நம் வாழ்வோடும் சாவோடும் உள்ளாட்சி எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் சட்டம் இருப்பது வேறு, நடப்பது வேறு. தமிழகத்தில் 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் உயர்நீதிமன்ற உத்தரவால் நின்றது. ஊரகப் பகுதிகளில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றும்தான் வாக்குப்பதிவு நடந்தது. ஐந்தாண்டுகளுக்கு மேலாக நகரங்களிலும் பேரூர்களிலும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. தனி அலுவலர்களே இருந்தனர். அக்காலத்தில் குழாயில் நீர் வராவிட்டால் எவரிடம் சொல்வது என்று தெரியாமல் பள்ளிவாசல் முத்தவல்லியிடம் வந்து முறையிட்ட பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். கூஃபாவின் கதவு அப்போது மூடியிருந்தது. அதை யாரும் எரிக்க வரவில்லை; நாமும் சென்று தட்டவில்லை.

எமது தெருவில் நடந்தது

மேற்கண்டவற்றை ஒரு ஜுமுஆவுக்குப் பின் ஜமாஅத்தாரிடம் எடுத்துரைத்தோம். மாவர்தீ இமாம் சொன்ன வரிசைப்படியே முதலில் பொதுநிதியின் கதவைத் தட்டுவது என்று முடிவாயிற்று. தெருவாசிகள் 40 பேர் கையொப்பமிட்ட மனுவைப் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் பெற்றோம். இரண்டு வாரம் எந்தப் பதிலும் இல்லை. மீண்டும் சென்றோம். மூன்றாம் முறை சென்றபோது துப்புரவு ஆய்வாளரும் இரண்டு பணியாளரும் எம்மோடு தெருவுக்கு வந்தனர்.

வாறுகாலின் தலைப்பிலிருந்து கடைசிவரை அவர்கள் கம்பியை விட்டுப் பார்த்தார்கள். கம்பி பல இடங்களில் நின்றது. நின்ற ஒவ்வோரிடத்திலும் நிமிர்ந்து பார்த்தால், மேலே ஒரு வீட்டின் வாசற்படி. அல்லது வண்டி ஏற்றும் சரிவு. அல்லது வாறுகாலை மூடிப் போட்ட திண்ணை. மண்ணும் பிளாஸ்டிக் பையும் அவற்றின் அடியில் இறுகிக் கிடந்தன. ஆய்வாளர் கோபிக்கவில்லை. "எங்க பேர்லயும் தப்பு இருக்கு பாய், தூர் வாரி ரொம்ப நாளாச்சு. ஆனா மேல கட்டியிருந்தா நாங்க எப்படி உள்ள இறங்கி வாருறது?" என்று மட்டும் கேட்டார்.

கம்பி நின்ற இடங்களில் ஒன்று எமது வீட்டு வாசல்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எம் வாப்பா மர்ஹூம் அவர்கள் கட்டிய மூன்று கற்படிகள் அவை. அஸருக்குப் பின் நடுப்படியில் அமர்ந்து, போவோர் வருவோருக்கெல்லாம் ஸலாம் சொல்வது அவர்கள் வழக்கம். பிள்ளைகளுக்குப் பாதையின் ஹக்கைப் பற்றிப் பாடம் நடத்தும் நாம், ஒவ்வொரு நாளும் அந்தப் பாதையின் மேல் கட்டிய படியில் இறங்கித்தான் மதரஸாவுக்கு வந்துகொண்டிருந்தோம்.

அப்போது உமர் (ரலி) அவர்களின் மற்றொரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. ஒரு வெள்ளியன்று அவர்கள் பள்ளிக்குச் செல்கையில், அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுக் கூரை நீர்த்தாரையிலிருந்து அசுத்த நீர் ஆடையில் விழுந்தது. வழிக்கு இடையூறாக இருந்த அத்தாரையை அகற்ற ஆணையிட்டார்கள். பின்னர் அப்பாஸ் (ரலி), அதை அந்த இடத்தில் வைத்தவர்கள் நபி (ஸல்) அவர்களே என்று சொன்னபோது, உமர் (ரலி) தம் முதுகின் மேல் அப்பாஸை ஏறச் செய்து அதை மீண்டும் பொருத்த வைத்தார்கள். தம் முடிவை மாற்றிக்கொள்வதில் அமீருல் முஃமினீனுக்கே கூச்சம் இல்லை. நபியவர்கள் வைத்ததற்கு உரிய கண்ணியம் அது. நம் படிக்கு அப்படி எந்தச் சான்றும் இல்லை. வசதி ஒன்றே காரணம்.

வீட்டில் உம்மாவிடம் சொல்ல நமக்குத் தயக்கமாகவே இருந்தது. அவர்கள் சிறிது நேரம் பேசாமல் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "உங்க வாப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா அவுகளே எடுத்திருப்பாக. கபுருல இருக்குறவுகளுக்கு இது ஏன் பாரமா இருக்கணும்? எடுத்துருங்க" என்றார்கள். மறுநாள் கொத்தனார் வந்து படிகளைப் பெயர்த்தார். உம்மா ஏறி இறங்குவதற்குத் தூக்கி வைக்கும் இரும்புப் படி ஒன்று செய்து போட்டோம். கற்களில் நல்லதாக இருந்த ஒன்றை ஒளுச் செய்யும் தொட்டியருகே பதிக்கக் கொடுத்துவிட்டோம்.

அந்த வாரத்திலேயே மேலும் ஒன்பது வீட்டார் தாமாகவே எடுத்தனர். சிலர் இன்னும் எடுக்கவில்லை. அவர்களிடம் முகம் கோணாமல் பேசிவருகிறோம். பேரூராட்சியும் ஆள்விட்டுத் தூர் வாரியது. ஆனால் கடைசிப் பகுதியில் வாறுகாலை அகலப்படுத்தும் பணி நிதி வந்தால்தான் நடக்குமாம். அது அவசியமானது. ஏனெனில் எம் தெருவின் நீர் வடிந்து செல்வது கீழே உள்ள மீனவச் சகோதரர்களின் தெருவுக்கு. எம் வாசல் காய்ந்து அவர்கள் வாசல் நனையுமானால் நாம் எதைச் சீர்செய்தோம்? அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் அண்டை வீட்டாரே. ஆகவே அடுத்த மனுவில் அந்தத் தெருவாரும் எம்மோடு சேர்ந்து கையொப்பமிட்டுள்ளனர்.

நாம் செய்யத்தக்கவை

சகோதரர்களே, வரலாற்றைப் படிப்பது பெருமை பேச மட்டுமன்று. அதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு.

முதலாவது, கேட்க வேண்டிய இடத்தில் எழுத்தில் கேட்பது. ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகர்ப்புறங்களில் 2022 முதல் பகுதி சபைகளும் கூட்டப்படுகின்றன. நம் பெண்களும் அங்கே செல்ல வேண்டும். தண்ணீரின் அருமை அவர்களுக்கே அதிகம் தெரியும். பதில் வராவிடில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

இரண்டாவது, சொத்து வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் காலத்தில் செலுத்துவது. நிலுவை வைத்துக்கொண்டு உரிமை கேட்பவர் குரல் தாழ்ந்தே இருக்கும்.

மூன்றாவது, ஜமாஅத்தின் நிதி ஏழைக்கும் விதவைக்கும் அநாதைக்கும் முதலில் செல்லட்டும். ஊர்ப் பணிக்கென்றால் வசதியுள்ளோர் தனியே ஸதக்கா கொடுக்கட்டும். கணக்கை ஆண்டுதோறும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டட்டும்.

நான்காவது, குப்பையைப் பிரித்துக் கொடுப்பதும், நம் அசுத்தத்தைக் கையால் அள்ளும் தூய்மைப் பணியாளரிடம் கனிவாகப் பேசுவதும். குர்பானி நாட்களில் கழிவுகளைத் தெருவில் விடாமலிருப்பது இதில் இன்னும் முக்கியம்.

ஐந்தாவது, முதலில் நம் வாசலைப் பார்ப்பது.

இந்த ஆண்டு மழை மீண்டும் வரும். அச்சிறுவன் மறுபடியும் காலை நனைத்துக்கொண்டு வந்து நிற்கக்கூடும். அவனுக்குச் சட்டம் சொல்வது எளிது. அவன் நடந்துவரும் பாதையில் நம் பங்கு எதுவும் கிடக்கவில்லை என்ற நிலையில் அதைச் சொல்ல வேண்டும் என்பதே நமது ஆவல்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களையும் இல்லங்களையும் தெருக்களையும் தூய்மையாக்குவானாக! நம் பெற்றோர் அறியாமல் செய்த பிழைகளை மன்னிப்பானாக! நாம் வாழும் ஊருக்கும் அண்டை அயலாருக்கும் நம்மால் நன்மை விளையச் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.